தட்டிப் பார்த்தல்

தட்டறது தொந்தரவா இருக்கா சார்? மன்னிச்சுக்கங்க. கை தானா போகுது. ஒரு மாசமா இப்படித்தான். கதவு, கட்டில், ஆபீஸ் மேஜை, எதைப் பார்த்தாலும் விரலை மடக்கி ரெண்டு தட்டு தட்டிடறேன். வீட்ல வசுமதி, என் சம்சாரம், கேட்டே கேட்டுட்டா, ஏதாவது காத்து கருப்பு அடிச்சிருக்கான்னு. இந்த பஸ் ஜன்னல் கம்பி இரும்பு, இதைத் தட்டிப் பிரயோஜனம் இல்லன்னு எனக்கே தெரியுது. கொஞ்சம் இந்தப் பக்கம் மாறி உக்காருறீங்களா? இடது காது லேசா மந்தம். லேசாத்தான். வலது பக்கம் இருந்தீங்கன்னா பேச சௌகரியம்.

நீங்களும் வேலாங்குறிச்சிக்குத்தானா? நல்லதாப் போச்சு. தனியா போயிருந்தேன்னா பாதி வழியிலயே இறங்கித் திரும்பியிருப்பேன். அங்க இன்னிக்கு விசேஷம், பேப்பர்ல பாத்திருப்பீங்க. ராஜா கட்டின பிரஜா சபைக்கு நூறாவது வருஷம். சமஸ்தானம் போனப்பறம் அது கொஞ்ச காலம் கோர்ட்டா இருந்துது, அப்பறம் ரேஷன் குடோன், அப்பறம் பூட்டு. இப்ப அரசாங்கம் புதுப்பிச்சு, ஒரே ஒரு நாள் சட்டசபையை அங்க கூட்டறாங்க. கீழ மெம்பர்கள். மூணு பக்கமும் மரத்துல மாடம், அதுல ஜனங்க. மெம்பர்கள் வர்றதுக்கு முன்னாடி பள்ளிக்கூடத்துப் பொம்பளைப் பிள்ளைங்க மாடத்துல நின்னு வாழ்த்துப் பாட்டு பாடும். ஒத்திகை ஆரம்பிக்கிற நேரம் நெருங்கிடுச்சு. அதுல எம் பொண்ணு நிக்கிறா சார். நறுமுகை. எட்டாவது படிக்கிறா. விடிஞ்சதும் ஸ்கூல் வேன்ல போயிட்டா.

சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தான். ஆனா எனக்குப் பயமா இருக்கு.

ஏன்னா அந்தப் புதுப்பிப்புக்குச் செலவு மேற்பார்வை நான்தான். கனகசபைன்னு பேரு. பேர்லயே சபை இருக்கு, அதான் உன்னைப் போட்டிருக்கேன்னு செக்ரட்டரி சிரிச்சாரு. என்ஜினீயர் நான் இல்ல சார், கணக்கு இலாகா. கட்டறது அவங்க, வெட்டறது நான். ஆபீஸ்ல என்னைக் கத்திரின்னுதான் சொல்லுவாங்க. எனக்குத் தெரியாதுன்னு நெனப்பு. தெரியும். உள்ளுக்குள்ள ஒரு சந்தோஷம்கூட உண்டு, இல்லன்னா பொய். ஒரு மனுஷனுக்கு ஆபீஸ்ல பேருன்னு ஒண்ணு வேணும்ல?

பழைய கட்டடம்னா சும்மா இல்ல சார். ஒரு ஓட்டைப் பிரிச்சா அடியில ஒம்பது கோளாறு நிக்கும். ஒவ்வொண்ணுக்கும் ஒரு ஐட்டம் போட்டுக்கிட்டு வருவாங்க. சுண்ணாம்புக்கு வெல்லம்பாங்க. கடுக்காய்ம்பாங்க. சரி, கடுக்காய் போடறது அந்தக் காலத்து வழக்கம், கேள்விப்பட்டிருக்கேன், விட்டுட்டேன். வெல்லத்தைப் பாதியாக் குறைச்சேன். பர்மாத் தேக்குக்குப் பர்மா விலை கேட்டாங்க, குடோன்ல கெடந்த பழைய தேக்கையே இழைச்சுப் போடுன்னேன். நல்லதுக்குத்தானே செஞ்சேன்? ஜனங்க வரிப்பணம். எவன் வீட்டுப் பணமோன்னு வாரி இறைக்க விடறதா?

அதுல ஷாஹிதா மேடம்னு ஒருத்தங்க. பழைய மரவேலைக்குன்னே படிச்ச என்ஜினீயர், வெளியிலேர்ந்து வரவழைச்ச ஆளு. நாப்பது வயசு இருக்கும். ரொம்பக் கறார். நம்மளைப் பார்த்து ஒரு வணக்கம்கூட முழுசா வராது. மாடத்தைத் தாங்குற உத்தரமெல்லாம் தேக்கு சார், ஒவ்வொண்ணும் ஆள் கட்டிப் புடிக்கற கனம். அந்தம்மா என்ன பண்ணுவாங்க, கொட்டாப்புளின்னு மரச் சுத்தியல் ஒண்ணு வச்சிக்கிட்டு, ஏணியில ஏறி, உத்தரத்தை இஞ்ச் இஞ்சா தட்டுவாங்க. தட்டிட்டுக் காதை வச்சுக் கேப்பாங்க. டங்குன்னா மரம் நல்லாருக்கு. பொத்துன்னா உள்ள அரிச்சு வெறும் கூடு. இவ்வளவுதான் வேலை. அதுக்கு அவங்க கேட்ட கூலியைச் சொன்னா நீங்க பஸ்லேர்ந்து குதிச்சுடுவீங்க.

சரி, ஒரு தடவை தட்டினாங்க, குடுத்தோம். எஸ்டிமேட்டைப் புரட்டிக்கிட்டே வர்றேன், கடைசிப் பக்கத்துல மறுபடி நிக்குது அதே வரி. ‘உத்தரங்களைத் தட்டிப் பார்த்தல்.’ எழுத்துக்கு எழுத்து அதே. எங்க இலாகாவுல ஒரே வார்த்தை ரெண்டு எடத்துல வந்தா அதுக்குப் பேரு இரட்டை. சிவப்புப் பேனா தானா எந்திரிச்சு நிக்கும். முப்பது வருஷப் பழக்கம் சார்.

மீட்டிங்ல கேட்டேன். அந்தம்மா சொன்னாங்க, கூரையைப் பிரிச்சுப் போட்டதுல ரெண்டு மாசம் மழை உள்ள எறங்கியிருக்கு, புதுசா சுண்ணாம்புப் பாரமும் ஏறியிருக்கு, வேலை முடிஞ்சப்பறம் மறுபடி தட்டிப் பாத்தாத்தான் ஆளை மேல ஏத்தலாம்னு. நிதானமாத்தான் சொன்னாங்க. எனக்கு அன்னிக்கு வாய்ல சனி. “மேடம், சந்தையில தேங்காய் வாங்கறோம். கடைக்காரன் தட்டிப் பாத்துத்தான் குடுக்கறான். அதுக்குத் தனியா காசு கேக்கறானா? அதுவும் ஒரே தேங்காயை ரெண்டு தடவை தட்டி?” அப்படின்னேன். செக்ரட்டரி மேஜையைத் தட்டிச் சிரிச்சாரு. அவரு சிரிச்சா எல்லாரும் சிரிக்கணும்ல, சிரிச்சாங்க. ஒரு கோடு போட்டேன். போச்சு ஐட்டம். அந்தம்மா பேனாவை மூடி வச்சுட்டு என்னையே பாத்தாங்க. அன்னிலேர்ந்து என் நம்பரைப் பாத்தா போனை எடுக்கறதில்ல.

அன்னிக்கு வீட்டுக்கு அல்வா வாங்கிட்டுப் போனேன் சார். சொல்லக் கூடாது, ஆனா போனேன்.

எப்ப பயம் புடிச்சுதுன்னு கேக்கறீங்களா? கேக்கலையா? சரி, நானே சொல்றேன். போன மாசம் பார்வையிடப் போனேன். நடு மாடத்துக்கு அடியில மெம்பர்களுக்குப் புது பெஞ்சு போட்டிருந்தாங்க. பெஞ்சு மேல மாவு மாதிரி கொஞ்சம் தூளு. ஏ.இ. தண்டபாணிகிட்ட என்னய்யான்னு கேட்டேன். சின்ன வயசு என்ஜினீயர், எது கேட்டாலும் ஒண்ணுமில்ல சார்ம்பாரு. சுண்ணாம்புத் தூளு சார்னாரு. விரல்ல தொட்டுப் பாத்தேன். சுண்ணாம்புன்னா வெள்ளையா இருக்கணும்ல? இது பழுப்பு. தண்டபாணி கைக்குட்டையால தொடைச்சுட்டாரு. மறுநாள் போனேன். மறுபடி இருந்துது.

அன்னிலேர்ந்து தூக்கம் போச்சு. சோறு எறங்கல.

நான் சும்மா இருந்தேன்னு நெனைக்காதீங்க. தச்சுப் பட்டறையில ஒரு கொட்டாப்புளி வாங்கினேன், என் சொந்தக் காசு. ஒரு மத்தியானம், எல்லாரும் சாப்பிடப் போனப்ப ஏணியைப் போட்டு நானே ஏறிட்டேன். இந்த வயசுல, இந்தத் தொப்பையோட. முதல் உத்தரத்தைத் தட்டினேன். அடுத்தது. அதுக்கடுத்தது. கடைசி வரைக்கும் தட்டினேன். எல்லாம் ஒரே மாதிரி கேட்டுது சார். டங்கும் இல்ல, பொத்தும் இல்ல, ரெண்டுக்கும் நடுவுல என்னமோ ஒண்ணு. எல்லாமே நல்லாருக்குன்னு எடுத்துக்கறதா, எல்லாமே போச்சுன்னு எடுத்துக்கறதா? ஏணி மேலயே நின்னேன். எறங்கவும் பயம்.

என்ன சார்? கொஞ்சம் சத்தமா சொல்லுங்க. ஓ, வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமேங்கறீங்க. எல்லாரும் சுலபமா சொல்லிடலாம். எனக்கு இருந்தது ஒரு பயம்னா சொல்லியிருப்பேன். ரெண்டு பயம் சார். ஒண்ணு, இடிஞ்சுடுமோன்னு. இன்னொண்ணு, நான் போய்க் கத்தி, விழாவை நிறுத்தி, தட்டிப் பாத்து, எல்லாம் டங்குன்னு இருந்துட்டா? கத்திரிக்குப் பைத்தியம் புடிச்சிடுச்சும்பாங்க. அடுத்த வருஷம் ரிட்டயர்மென்ட். செக்ரட்டரி முகத்துல எப்படி முழிக்கறது? இந்த ரெண்டாவது பயம் இருக்கே, அது மொதல் பயத்தை அமுக்கிப் புடிச்சு வாயைப் பொத்திடுது.

அப்பதான் ஒரு நாள் நறுமுகை ஓடி வந்து கழுத்தைக் கட்டிக்கிட்டா. அப்பா, எங்க ஸ்கூலைத்தான் பாடக் கூப்பிட்டிருக்காங்க, உங்க சபையில, மாடத்துலன்னா. உங்க சபைன்னா சார். எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல.

போகாதேன்னு எப்படிச் சொல்றது? வெயில் ஜாஸ்தி, காய்ச்சல் வரும்னேன். சிரிச்சா. பரீட்சை வருதேன்னேன். வரலைன்னா. சரின்னு, முந்தாநாள் கூட்டிட்டுப் போய் ரெண்டு ஐஸ்கிரீம் வாங்கிக் குடுத்தேன். தொண்டை கட்டிக்கட்டும்னு. ஒரு அப்பன் செய்யற காரியமா இது? வசுமதி அதிசயமாப் பாத்தா, ஒண்ணு வாங்கிக் குடுக்கவே கணக்குப் பாக்கற மனுஷன் ரெண்டு வாங்கறாரேன்னு. மறுநாள் காலையில நறுமுகை குளிக்கும்போது பாடறா, மணி மாதிரி இருக்கு தொண்டை.

அதனால பள்ளிக்கூடத்துக்கே போனேன். பாட்டு டீச்சர் பிலோமினா. நல்ல மனுஷி. என்ன சொல்றதுன்னு தெரியாம, டீச்சர், பாப்பா எந்த எடத்துல நிக்கிறான்னு கேட்டேன். ஓரத்துல, படிக்கட்டுப் பக்கத்துலன்னாங்க. அப்பாடான்னு இருந்துது. இருந்தாலும் நடு மாடம் மனசை உறுத்துது. நடு மாடத்துல யாரும் நிக்காம இருந்தா தேவலையேன்னு இழுத்தேன். டீச்சர், அந்த நடு மாடம், அதுல வந்துன்னு மென்னு முழுங்கினேன். அவங்க கையைக் காட்டி நிறுத்திட்டாங்க. போதும் சார், புரியுதுன்னாங்க. இந்த வாரத்துல நீங்க ஆறாவது அப்பா, எல்லாரும் இதுக்குத்தான் வர்றாங்க, இருந்தாலும் கட்டடத்துக்கு இவ்வளவு பாடுபட்டிருக்கீங்க, செய்யறேன்னாங்க. நேத்து சாயங்காலம் போன் பண்ணிச் சொன்னாங்க, “நறுமுகையை நடுவுல நிக்க வச்சுட்டேன் சார். போட்டோவுல பளிச்சுனு விழுவா. இப்ப சந்தோஷமா?”

நான் தேங்க்ஸ் டீச்சர்னு சொன்னேன். வாய்ல அதுதான் வந்துது.

என்ன சார் பஸ் நகரவே மாட்டேங்குது? போலீஸ் தடுப்பா? ம். பெரிய மனுஷங்க வண்டி போகுது போல.

நேத்து டீச்சர் போன் வந்தப்ப நான் சபையிலதான் இருந்தேன். மனசு கேக்காம கடைசியா ஒரு சுத்து சுத்திப் பாக்கப் போயிருந்தேன். அலங்காரமெல்லாம் ஜோரா பண்ணியிருந்தாங்க. மாடத்துக்கு அடியில, சரியா நடுவுல, ஒரு கம்பம் நட்டு, மேலேர்ந்து கீழ வரைக்கும் வெள்ளைத் துணி சுத்தி, பிளாஸ்டிக் பூ கட்டி, மைக் செட்காரன் அதுல ஸ்பீக்கரைத் தொங்கவிட்டிருந்தான். எஸ்டிமேட்டுல கம்பம் கிடையாது. எனக்கு ஒவ்வொரு வரியும் மனப்பாடம். இந்த மைக் செட்காரங்களைத் தெரியாதா எனக்கு? நாளைக்குக் கம்பத்துக்குத் தனி வாடகைன்னு வந்து நிப்பான். தண்டபாணியைத் தேடினேன், விருந்தாளிங்களைக் கூட்டியாரப் போயிருக்காருன்னாங்க. எடுறா கம்பத்தைன்னுட்டேன். ரெண்டு பேர் புடிச்சு இழுத்தும் வரல. அப்பறம் பாத்தா நடுவுல திருகு மாதிரி ஒண்ணு, அதைத் திருகினாத்தான் எறங்குது. எறங்கும்போது மேல கிர்ருன்னு ஒரு சத்தம் வந்துதுன்னு மைக் செட்காரன் சொன்னான். எனக்குக் கேக்கல. ஸ்பீக்கரைச் சுவத்துல மாட்டிக்கச் சொல்லிட்டேன். இவ்வளவு பயத்துலயும் அந்த ஒரு வேலையாவது உருப்படியாச் செஞ்சேனேன்னு ஒரு திருப்தி.

சார், ஒண்ணு கேட்டா தப்பா நெனைக்க மாட்டீங்களே? உங்க போன்லேர்ந்து ஒரு கால் பேசிக்கட்டுமா? அந்த ஷாஹிதா மேடத்துக்கு. உங்க நம்பர்னா எடுப்பாங்க. ஒரே ஒரு வார்த்தை கேக்கணும், நடு மாடத்துல பிள்ளைங்க நிக்கலாமான்னு. இந்த வார்த்தையைக் கேக்க எனக்கு ஒரு மாசம் ஆகியிருக்கு. இந்தாங்க, நம்பர் இதுல இருக்கு, நீங்களே போடுங்க.

ஹலோ. மேடம், வணக்கம். கனகசபை பேசறேன். வச்சிடாதீங்க மேடம், ஒரு நிமிஷம். அந்த உத்தரம். ரெண்டாவது தடவை தட்டிப் பாக்கற ஐட்டம். நான் வெட்டினது. ஆமா. நான்தான். மேடம், இன்னிக்கு மேல எம் பொண்ணு நிக்கிறா.

என்னது? கொஞ்சம் சத்தமா.

சார், தட்டிட்டாங்களாம். போன வாரமே தட்டிட்டாங்களாம். காசு வாங்காம, ஒரு ஞாயித்துக்கிழமை தானா வந்து தட்டிட்டுப் போயிருக்காங்க. மேடம், உங்களை நான் என்னென்னமோ நெனச்சுட்டேன். சொல்லுங்க, கேக்கறேன். எல்லாம் டங்குதானாம் சார். ஒண்ணே ஒண்ணைத் தவிர. எது மேடம்? நடு உத்தரமா. உள்ள பாதிக்கு மேல ஒண்ணுமே இல்லையா. சரி. ஆனா பயம் வேண்டாம்ங்கறாங்க. விழா முடிஞ்சதும் மாத்திக்கலாமாம், அது வரைக்கும் தாங்கறதுக்கு அடியில ஒரு ஜாக்கி குடுத்திருக்காங்களாம். அது இருக்கற வரைக்கும் யானையே ஏறினாலும் அசையாதாம். அப்பாடா சார். உசுரு வந்துது.

ஜாக்கின்னா எப்படி மேடம் இருக்கும்?

இரும்புக் கம்பம். நடுவுல திருகு.

துணி. துணி எதுக்கு மேடம் சுத்தினீங்க?

சார், எனக்குத்தான் சார். எனக்குத் தெரியக் கூடாதுன்னு சுத்தியிருக்காங்க. எஸ்டிமேட்டுல இல்லாத சாமான், கனகசபை கண்ணுல பட்டா எடுக்கச் சொல்லிடுவாருன்னு தண்டபாணிதான் துணியைச் சுத்தி, பூவைக் கட்டி, ஸ்பீக்கரையும் தொங்கவிடச் சொன்னாராம்.

மேடம், நான் அதை எடுத்துட்டேன்.

வச்சுட்டாங்க. தண்டபாணிக்குப் பேசறேன்னு வச்சுட்டாங்க. என் போன் எங்க? இந்தா இருக்கு. டீச்சர், பிலோமினா டீச்சர், எடுங்க. எடுங்க தாயே. ஹலோ, டீச்சர், கனகசபை. பிள்ளைங்க எங்க நிக்குதுங்க? மேலயா? கீழ எறக்குங்க. எல்லாரையும். இல்ல டீச்சர், எம் பொண்ணு எடத்தைப் பத்திப் பேசல. முன்னாடியும் வேண்டாம், நடுவுலயும் வேண்டாம், போட்டோவும் வேண்டாம். யாரும் மாடத்துல நிக்கக் கூடாது. செக்ரட்டரி பக்கத்துல இருக்காரா? இருக்கட்டும். அவருகிட்டயும் சொல்லுங்க. காரணமா? காரணம் நான்தான் டீச்சர். நடு உத்தரம் கூடு. தட்டிப் பாக்கறேன்னாங்க, நான் வேண்டாம்னேன். முட்டுக் குடுத்தாங்க, அதையும் நான்தான் புடுங்கினேன். கனகசபை சொன்னான்னு சத்தமாச் சொல்லுங்க, எல்லார் காதுலயும் விழட்டும். தயவு பண்ணி வச்சிடாதீங்க. போனைக் கையிலயே வச்சுக்கிட்டுப் பிள்ளைங்களை எறக்குங்க. ஓட விடாதீங்க, ஓரமா, ஒவ்வொண்ணா.

இருங்க சார், பேசாதீங்க. இந்தக் காதுல வச்சுக்கறேன்.

பாட்டு நின்னுடுச்சு. யாரோ அதட்டறாங்க. செக்ரட்டரி குரல்தான். திட்டறாரு போல. முருகா. மரப் படியில சத்தம் கேக்குது சார். தட் தட் தட்டுன்னு. செருப்புச் சத்தம். எறங்குதுங்க. இன்னும் வருது. இன்னும். எத்தனை பிள்ளைங்கன்னு எனக்குத் தெரியாதே சார், அதைக் கேட்டு வச்சுக்கவே இல்லையே. நின்னுடுச்சு. ஏன் நின்னுடுச்சு? எல்லாரும் எறங்கிட்டாங்களா, இல்ல...

ஹலோ. யாரு? பாப்பாவா? நீ எங்க நிக்கிற? கீழயா? தரையிலயா? வெளிய வந்துட்டியா?

என்னைப் புடிச்சுக் கத்தறா சார். அத்தனை பேர் முன்னாடி மானத்தை வாங்கிட்டியேப்பான்னு அழறா. இனிமே இந்த ஸ்கூலுக்கே போக மாட்டாளாம். என்கூடப் பேசவே மாட்டாளாம்.

கத்து கண்ணு. இன்னும் கொஞ்சம் கத்து. அப்பாவுக்கு நல்லாக் கேக்குது.